கீழச்சுங்கத்தில் மிஞ்சிய கடைசி ஓட்டை

ஈசல் என்று நினைத்துத்தான் எங்கள் ஊர் அந்தச் சாயங்காலம் சொற்களைப் பிடித்தது. ஐப்பசி அடைமழை கொட்டித் தீர்த்து, வானம் வெறித்து, மண் புழுங்கிக்கொண்டிருந்த பொழுதில், பழைய சுங்க பங்களாவுக்குப் பின்னாலிருக்கிற கருவேலங்காட்டில் தரை பொத்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாய், சிறகுச் சிறகாய், கூட்டங்கூட்டமாய்க் கிளம்பி வந்ததைப் பார்த்தால் யாருக்கும் வேறெதுவும் தோன்றியிருக்காது. வருஷா வருஷம் செய்கிறபடியே வீட்டுக்கு வீடு வாசலில் விளக்கேற்றி, விளக்கின் கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்கள். வந்ததெல்லாம் விளக்கைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததை முறத்தில் வடித்து, அரிசியோடு சேர்த்துச் சட்டியில் வறுத்து, உப்புத் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தாங்களும் தின்றார்கள். மொறுமொறுப்பு பத்தவில்லை என்று மட்டும் சில பேர் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அதை முதலில் வாசித்தவர் என் மாமியார் ரெஜினா. சட்டியை அடுப்பில் ஏற்றப் போனவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்து, "பெர்னா, ஈசல்ல எழுத்துப் போட்டிருக்குடி" என்றார். நான் குனிந்து பார்த்தேன். நனைந்தால் மையாய் ஊறுகிற அந்தக் காலத்துக் காப்பிப் பென்சிலின் ஊதா நிறத்தில் 'மோல்மீன்' என்று எழுதியிருந்தது. நாலு பக்கமும் பிளேடால் சீராக வெட்டிய காகிதத் துணுக்கு.

"என்ன மீனாம்?"

"ஊரு அத்தை, பர்மாவுல."

நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த என் மகள் செலின், பாத்திரத்தின் விளிம்பைப் பற்றி எழுந்து, தண்ணீரிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பாய்ந்து போய் விரலை விட்டுத் தேடினேன். நாக்கின் மேல் ஊதாச் சாயம் மட்டும் இருந்தது. சொல் உள்ளே போய்விட்டது.

"பேப்பர்தானே, விடு" என்றார் அத்தை. "உம் புருஷன் இந்த வயசுல ஜெபமாலை மணியையே முழுங்கினான். மறுநாள் வந்துடுச்சு."

"என்ன வார்த்தைன்னே பாக்கலையே அத்தை."

"எதுவா இருந்தா என்ன, பால்ல கரைஞ்சிடும்."

கரையவில்லை. அதுவரை விடிந்ததும் எழுந்து காக்காயோடும் மின்விசிறியோடும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, மறுநாளிலிருந்து உதட்டை மூடிக்கொண்டாள். சிரிப்பாள், பசித்தால் அழுவாள். ஆனால் ஒரு 'ம்மா' இல்லை, ஒரு 'த்தா' இல்லை. வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்ப்பாள். நாகப்பட்டினத்து டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார். பேசிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்தியதற்கு அவரிடம் மருந்து இல்லை.

அவளுடைய அப்பா கிளமெண்ட் அப்போது எண்ணெய்க் கப்பலில், இன்ஜின் அறையில் இருந்தார். அந்தக் கப்பல் போன கடலில் சண்டை மூண்டு, எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு வந்து சேருகிற நேரத்துக்கு அவர் போன் வரும். சாப்பாடு பற்றிச் சொல்வார், கால் வலி பற்றிச் சொல்வார், குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்பார். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் பதிலும் சொல்வார். ஆனால் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் குரல் அறுந்து அலைச் சத்தம் கேட்கும், அந்த இடம் தாண்டியதும் குரல் திரும்ப வந்துவிடும். "இப்ப ஷ்ஷ்ஷ்ல நிக்கிறோம், பயப்படாத." எப்படிப் பயப்படாமல் இருப்பது. உலகப்படத்தைச் சுவரில் ஒட்டி, அலைச் சத்தத்துக்குப் பொருந்துகிற ஊர் எது என்று விரலை வைத்து வைத்து, அந்தக் கடல் முழுவதும் என் விரல் அழுக்காகிவிட்டது.

சொற்கள் ஏன் முளைத்தன என்று எங்கள் ஊரில் யாரும் ரொம்ப விசாரிக்கவில்லை. ஜப்பான்காரன் சண்டையின்போது பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் வந்த கடிதங்களையெல்லாம் சுங்க பங்களா மாடியில் உடைத்துப் படித்து, ஊர், நாள், கப்பல், காற்று, மழை என்று எதிரிக்கு உதவக்கூடிய சொல் எதுவானாலும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி அனுப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டிய துணுக்குகளை எரிக்கவேண்டும் என்று உத்தரவு. மழையில் தீக்குச்சி நமுத்ததோ, எரிக்கப் போனவனுக்கு மனசு வரவில்லையோ, சாக்குச் சாக்காகப் புதைத்துவிட்டார்கள். புதைத்தது முளைக்கும். சுனாமி வந்தபோது ஏன் வந்தது என்று கேட்டு யாருக்கு என்ன கிடைத்தது. வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

எனக்கு அந்த வெட்டைத் தெரியும். நான் படித்த கான்வென்ட் போர்டிங்கில் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை உறையை ஒட்டாமல் மதர் மேசையில் வைக்கவேண்டும். 'இங்கே ராத்திரியில் பசிக்கிறது' என்று ஒரு முறை எழுதினேன். கடைசிச் சொல்லின் மேல் நீலப் பென்சில் ஓடியிருந்தது. எங்கம்மா அதை வைத்துக்கொண்டு, என் பிள்ளைக்கு ராத்திரியில் என்ன ஆகிறது, காய்ச்சலா, பேயா என்று விடுமுறை வரை அழுதிருக்கிறாள். பசி என்று தெரிந்திருந்தால் முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்திருப்பாள்.

அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை ஐஸ் ஆலை காதர் மைதீன் பாயிடம் இருந்தன. படகுகளுக்கு ஐஸ் கட்டி விற்பது அவர் தொழில், ஓட்டை விழுந்த கடிதங்களைச் சேர்ப்பது அவர் உயிர். ஓட்டை இல்லாத கடிதத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். உறையில் ஒட்டிய சீட்டு, முத்திரைக்குள் இருக்கிற வெட்டினவன் எண், வெட்டின் கோணம் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இது ஒன்பதாம் நம்பர்க்காரன் வெட்டு, கையில நடுக்கமே இல்ல பாருங்க" என்று வெட்டினவனைப் புகழ்வார். டெல்லியில் கண்காட்சி வைத்து மெடல் வாங்கியவர். எல்லோரும் கடுதாசியில் எழுத்தைப் பார்ப்பார்கள், இந்த மனுஷன் ஓட்டையைப் பார்க்கிறான் என்று ஊர் சிரித்தாலும், பழைய பேப்பர்க்காரனுக்குப் போவதை விட பாயிடம் போனால் ஜில்லென்றாவது இருக்கும் என்று அவரவர் வீட்டுக் கடிதங்களை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். ஐஸ் ஆலையின் குளிர் சுவரை ஒட்டிய அறையில், ஆல்பம் ஆல்பமாக, பூச்சி அண்டாமல் அவை இருந்தன.

ஈசல் பிடித்த இரண்டொரு நாளில், மீன்கார செபத்தியம்மாள் ஐஸ் வாங்கப் போனபோது, பாய் ஒரு கடிதத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "தகப்பனாருக்கு வந்தனம். நாங்கள் அனைவரும் பத்திரமாக" என்று படித்து, ஓட்டை வந்ததும் வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குள் செபத்தியம்மாளின் வாய் தானாகத் திறந்து "அக்யாப்" என்றது. அந்த அறையின் குளிரில் அவள் மூச்சு வெண்புகையாக வெளிப்பட்டு, கலையாமல் மெதுவாகக் காற்றில் போய், கடிதத்தின் ஓட்டையில் படிந்தது. காகிதம் மூடிக்கொண்டது. எண்பது வருஷத்து ஊதாப் பென்சிலில், அதே கையெழுத்தில், 'அக்யாப்' என்று இருந்தது. "வந்து சேர்ந்தோம்" என்பது அதற்கடுத்த சொல்.

"யம்மா, என்னம்மா பண்ணிட்டீங்க" என்றார் பாய். "கடுதாசி கெட்டுப்போச்சே."

"நான் என்னத்தைப் பண்ணேன். வாய் தொறந்துச்சு, ஊரு வந்துச்சு."

"ஏதாவது தின்னீங்களா?"

"ஈசப்பொரி தின்னேன். ரெண்டு சட்டி."

அதற்குள் மற்ற வீடுகளில் துணுக்குகளைச் சோற்றுப் பசையால் ஓட்டைகளில் ஒட்டிப் பார்த்திருந்தார்கள். ஒட்டினது விடிவதற்குள் உதிர்ந்தது. எல்லோரும் வேண்டிய சொல்லைத்தான் எடுத்து ஒட்டினார்கள் என்பது வேறு. கீழத்தெருவில் 'வருகிறேன்' என்று ஒரே ஒரு துணுக்குக் கிடைத்து, அதற்கு மூன்று வீட்டார் சண்டை போட்டு, முறம் கிழிந்தது. செபத்தியம்மாள் விஷயம் தெரிந்த பிறகுதான் வழி புரிந்தது. சொல்லைத் தின்னவேண்டும். கடிதத்தை வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஓட்டை வந்ததும் நிறுத்தவேண்டும். யார் வயிற்றில் அது இருக்கிறதோ அவர் வாயிலிருந்து அது தானாக வரும், வேண்டாம் என்றாலும் வரும்.

அப்புறம் ஊர் அதற்கு ஏற்ப நடந்துகொண்டது. காலையில் படகு வந்து மீன் இறங்கியதும் ஐஸ் ஆலை வாசலில் சால்வையும் மப்ளருமாகச் சனம் கூடிவிடும், எங்கள் ஊரில் அவ்வளவு கம்பளித் துணி இருந்தது யாருக்கும் தெரியாது. பங்குச் சாமியாரிடம் போய், சொல்லைத் தின்றுவிட்டுப் பூசையில் நன்மை அப்பம் வாங்கலாமா என்று கேட்டார்கள், அவர் யோசித்து, ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத், எழுதினவன் உயிரோடு இருக்கும்போது அவன் வாய் சொன்னதுதானே, ஆகாதது ஒன்றுமில்லை என்றார். வயிற்றில் நிறைய ஊர் வைத்திருந்த செபத்தியம்மாளுக்கு வியாபாரம் கெட்டது. தெருவில் யாராவது தற்செயலாக எதையாவது சொல்லி நிறுத்தினால் போதும், "வஞ்சிரம் கிலோ ரங்கூன்" என்பாள், கூடையை இறக்கிவைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளை எல்லா வீட்டுக்காரர்களும் கையைப் பிடித்து ஐஸ் ஆலைக்கு அழைத்துப் போனார்கள். "எம் புருஷன் வேதாரண்யத்துக்குக்கூட கூட்டிட்டுப் போனதில்ல, இப்ப எவ்வளவு ஊரு பாரு எனக்குள்ள" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் தினமும் போனேன். தொப்பி போட்டு, இரண்டு கம்பளியில் சுற்றி, பாய் ஒவ்வொரு கடிதமாகப் படிக்கிறபோது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்ததெல்லாம் ஊரும் நாளும் காற்றும்தான். மாந்தலே. செவ்வாய்க்கிழமை. பெருமழை. மூன்றாவது துறை. எண்பது வருஷமாக அந்த ஓட்டைகளுக்குள் காதலையும் துரோகத்தையும் புதையலையும் வைத்துப் பார்த்திருந்த குடும்பங்களுக்கு முதலில் சப்பென்றுதான் இருந்தது. பிறகு ஒருநாள் மருந்துக்கடை தாமோதரன் வீட்டுக் கடிதத்தைப் படித்தார்கள். அவருடைய தாத்தா குடும்பத்தோடு பர்மாவிலிருந்து எழுதியது. "பயணச்சீட்டுக் கிடைக்கவில்லை. ஆகையால் நாங்கள் அனைவரும், கைப்பிள்ளை உள்பட, இந்தியாவுக்கு" என்று படித்துப் பாய் நிறுத்தினார். சனத்தின் பின்வரிசையில் இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, கணீரென்று, "நடந்தே" என்றாள்.

அந்த வெண்புகை எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போனது. அது படிந்து காகிதம் மூடியதும் தாமோதரன் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஐஸ் தண்ணீர் ஓடுகிற அந்தச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் கழற்றினார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகவில்லை, போகாதே என்று யாரும் சொல்லவுமில்லை.

வெளியூர்க் கடிதங்களுக்கு உரிய துணுக்குகள் யார் தின்றாலும் தொண்டையில் நிற்காமல் இருமலோடு வந்துவிட்டன. அவற்றை மொட்டை மாடிகளில் காயவைத்தார்கள். கார்த்திகை வெயில் அடித்த ஒரு காலையில் அவை ஒட்டுமொத்தமாகக் கிளம்பி, மாதா கோயில் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தத்தம் ஓட்டைகளைத் தேடி நாலாபக்கமும் போயின. ஊரே மாடியில் நின்று கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தது. பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி சிலர் கையும் ஆட்டினார்கள்.

அதோடு பாயின் ஆல்பங்களில் ஓட்டை என்று ஒன்றும் இல்லாமல் போனது. கடிதங்களுக்கு உடம்பு தேறிவிட்டது, பாய்க்கு இளைத்துவிட்டது. ஊரில் சொல் வெளிவராத வாய் என் மகளுடையது ஒன்றுதான். மூடாத ஓட்டையும் ஒன்றுதான். அது எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

கிளமெண்டின் கொள்ளுத்தாத்தா மரியசூசை, கப்பலில் கலாசியாக இருந்தவர், தன் மனைவி சூசம்மாளுக்கு எழுதிய கடிதம் அது. கலியாணம் ஆகி வந்த புதிதில் ஒட்டடை அடிக்கும்போது எடுத்துப் படித்திருக்கிறேன். 'அன்புள்ள சூசம்மாளுக்கு, மாதா கிருபையால் நான் சுகம். உன் சுகமும் பிள்ளை சுகமும் அறிய ஆவல். நான் இப்போது' என்று எழுதி, அதற்கப்புறம் ஓட்டை, ஓட்டைக்கப்புறம் 'க்கு வந்து சேர்ந்துவிட்டேன். இனி அதிக நாள் இல்லை. கொல்லைப்பக்கம் ஒழுகினால் யாரையும் கூப்பிட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.' அவர் வரவில்லை. கடைசியாக அவர் கப்பல் ரங்கூனில் நின்றதாகத் தகவல் இருந்ததால், ஓட்டைக்குள் ரங்கூன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. எழுதப் படிக்கத் தெரிந்த கோயில்பிள்ளை இந்தக் கடிதத்தைச் சூசம்மாளுக்குப் படித்துக் காட்டியபோது, சுற்றி நின்ற பெண்கள், ரங்கூனில் ஒருத்தியோடு இருந்துகொண்டு 'அதிக நாள் இல்லை'யாம் என்று சிரித்திருக்கிறார்கள். இனி இந்தப் பொய்யை என் வீட்டில் யாரும் வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்றாளாம் அவள். ஆனால் கடைசிவரைக்கும் கொல்லைப்பக்கத்துக் கூரையை அவள் மாற்றவில்லை. அவள் மகன் மாற்றவில்லை. வீடு ஓடாகி, ஓடு போய்த் தளம் போட்ட பிறகும், பின்கட்டில் அந்த மூலை மட்டும் ஓலையாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. மழை வந்தால் அத்தை ஒரு பித்தளைத் தவலையைக் கொண்டுபோய் அங்கே வைப்பார். செத்தார் என்று தெரியாததால் மரியசூசைக்கு ஒரு பூசைகூட வைத்ததில்லை.

படிக்கச் சொல்லி ஊர் வந்து கேட்டது. அத்தை மறுத்துவிட்டார்.

"அந்தப் பேரு எம் பேத்தி வாயால வரவேண்டாம். அவ பேசுற மொத வார்த்தை ரங்கூன்னு இருக்கணுமா?"

"பேசாமலே இருந்துட்டா என்ன அத்தை செய்யுறது" என்றேன்.

அவர் கடிதத்தைப் படத்துக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளினார். எனக்கும் வற்புறுத்தத் தைரியம் இல்லை. அத்தையின் பயம் நடந்து முடிந்ததைப் பற்றியது, என் பயம் நடக்கப்போவதைப் பற்றியது. இந்த வீட்டில் ஓட்டை ஒன்றுதான், அதற்குள் போகிற ஆள்தான் மாறுகிறான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. குழந்தை எந்தத் தூர ஊரைச் சொல்கிறாளோ அந்த ஊரில் என் புருஷன் நின்றுவிடுவார் என்று பயம். அவள் பேசவேண்டும் என்று ஜெபமாலை சொல்வேன், சொல்லி முடித்ததும் இன்றைக்கு வேண்டாம் என்றும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறோம், பாய் வாசலில் நிற்கிறார். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார்.

"ரெஜினாம்மா, நான் எதையும் கேக்க வரல. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன். என்கிட்ட இருந்ததெல்லாம் தேறிப்போச்சு. ஊர்ல ஓட்டைன்னு இருக்கிறது உங்க வீட்டுல ஒண்ணுதான்."

"எடுத்துட்டுப் போயிட மாட்டீங்களே."

"குடுத்தா வேணாம்னு சொல்லுறதுக்கு நான் அவுலியாவோ மகானோ இல்ல. ஆனா எடுக்க மாட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "கண்ணால படிச்சுக்குங்க பாய். வாயால வேணாம்."

பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தை முழங்காலில் விரித்து, ஓட்டையின் நாலு ஓரத்தையும் கண்ணாடியால் தடவித் தடவிப் பார்த்தார். "கப்பல் தபால். ஊர் முத்திரை குத்தமாட்டான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஒன்பதாம் நம்பர்க்காரனேதான். ஆனா இங்க பாருங்க, இந்த ஒரு ஓரம் கோணிப் போயிருக்கு. அவனுக்கு இப்படிக் கோணினதே இல்ல."

அப்போது போன் அடித்தது. குழந்தை இடுப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பெர்னா, பூசைக்குப் போனியா? அம்மா இருக்காங்களா?"

"இருக்கேன்டா" என்றார் அத்தை. "சாப்டியா?"

"சாப்டேன். பாப்பா பேசுதா?"

நான் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தேன். அவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார். குரலில் ஏதோ ஒரு அவசரம் இருந்தது, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. "சரி கேளுங்க. நான் இப்ப" என்றார். அந்த இடத்தில் எப்போதும்போலக் குரல் அறுந்தது. அலைச் சத்தம் வந்தது.

என் இடுப்பில் குழந்தை நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது. நல்ல புழுக்கமான பகல், விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அந்தப் புழுக்கத்தில் அவள் வாயிலிருந்து ஐஸ் ஆலையில் வருகிற அதே வெண்புகை வந்தது. ஒரு சொல் சொன்னாள். குழந்தைக் குரல்தான், ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் வராத 'ழ'வோடு, ஒரு எழுத்துச் சிந்தாமல் சொன்னாள்.

"கொழும்பு."

"க்கு வந்து சேந்துட்டேன்" என்றது போன். "இனிமே அதிக நாள் இல்ல. மழையாமே அங்க, கொல்லைப்பக்கம் ஒழுகுதா? யாரையும் கூப்பிட வேணாம்மா. நான் வந்து பாத்துக்கிறேன்."

வெண்புகை விசிறிக் காற்றில் கலையவில்லை. அறையின் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி என் கையிலிருந்த போனுக்குள் இறங்கியது. மறு பாதி தாழ்ந்து பாயின் முழங்காலுக்குப் போனது. பாய் கண்ணாடியை எடுக்கவில்லை. அதன் வழியாகவே, ஓட்டையின் கோணின ஓரம் நெகிழ்ந்து, நூல் நூலாகக் காகிதம் வந்து, ஊதா எழுத்து ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தும் ஏறியதும், "போச்சு" என்றார், மிக மெதுவாக. அப்புறம் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கொழும்பை எங்கள் ஊரில் வெளியூர் என்று சொல்கிற வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் கருவாடும் ஓலைப்பாயும் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்கிற மாதிரி விற்றுவிட்டுத் திரும்பிய இடம். கிட்டத்தில் வந்துவிட்டவன்தான் அதிக நாள் இல்லை என்று எழுதுவான்.

அத்தை கடிதத்தைப் பாயின் முழங்காலிலிருந்து எடுத்தார். எண்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தார். நின்றுகொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி, தலைப்பிலிருந்து வாய்விட்டுப் படித்தார். ஓட்டை இருந்த இடத்தில் நிறுத்திப் பழகியிருந்த கண் அங்கே தடுக்கியது, திரும்ப எடுத்துப் படித்தார். 'நான் இப்போது கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இனி அதிக நாள் இல்லை.' போனில் கிளமெண்ட், "யாரும்மா படிக்கிறது, யாரு கொழும்பு சொன்னது, நான் சொல்லக்கூடாதே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பொய் சொல்லல" என்றார் அத்தை, யாரிடம் என்று தெரியாமல். "வந்துக்கிட்டுதான் இருந்திருக்காரு. இந்தா, இவ்வளவு கிட்டத்துல வந்துட்டாரு." கையை நீட்டி, வாசல்படி வரைக்கும் இருக்கிற தூரத்தைக் காட்டினார்.

பாய் எழுந்தார். "இனிமே அது வெறும் கடுதாசிம்மா" என்றார். "பத்திரமா வைங்க." வாசலில் போய், தன் செருப்பு எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினார், காலடியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மேகம் திரண்டு மறுபடி மழை பிடித்தது. நான் பின்கட்டுக்குப் போய், ஒழுகுகிற மூலையைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, இனி ஓலைக்காரனை வரச்சொல்லிடலாமா, அவருக்காக விட்டுவைக்க இனிமே அவசியம் இல்லையே" என்று கேட்டேன். கொழும்பு வரை வந்தவர் ஒருவர் வரவில்லை என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் கொழும்புக்கும் நடுவில் இருக்கிற கடல் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில்தான் மரியசூசை இருக்கிறார்.

அத்தை தவலையைத் துலக்கிக்கொண்டிருந்தார். "காலையில மொதல் வேலையா கோயிலுக்குப் போய் பூசைக்குப் பேரு குடுத்துட்டு வா. மரியசூசைன்னு சொல்லு. ஆன்ம இளைப்பாற்றிக்கு. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"ஓலைக்காரன்?"

அவர் தவலையைத் தூக்கிக்கொண்டு போய், பழக்கப்பட்ட இடத்தில், பழக்கப்பட்ட கோணத்தில் வைத்தார். முதல் சொட்டு விழுந்து பித்தளை மணி மாதிரி ஒலித்தது. ஐப்பசியிலிருந்து தன் சொந்தச் சொல் ஒன்றும் சொல்லாத என் மகள், தவழ்ந்து போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு சொட்டுக்கும் "த்தா" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். சொட்டு வேகமாக விழ, அவளும் வேகமாகச் சொன்னாள்.

"அதை விடு" என்றார் அத்தை. "அவன்தான் வந்து பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கானே."